ஐம்பது கிலோவுக்குள் ஒரு வீரன்

இந்தியாவில் பதினாறு வயதுப் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய ஆகச் சிறந்த தொழிற்பயிற்சி எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: பந்தயக் குதிரை ஓட்டப் பழகுவது. பொறியியல் கல்லூரிகளையும் விளையாட்டு விடுதிகளையும் சமையல் பள்ளிகளையும் பார்த்த பிறகுதான் இதைச் சொல்கிறேன். உடம்பு, மூளை, பொறுமை, நேர்மை, தன்னைவிடப் பத்து மடங்கு கனமான ஓர் உயிரின் மேல் பரிவு, இத்தனையையும் ஒரே நேரத்தில் சொல்லிக்கொடுக்கிற வகுப்பறை வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நான் பந்தய ஊர்க்காரன் அல்ல. திருவனந்தபுரத்தில் கரமனைப் பக்கம் குடியிருப்பவன். கேரளத்தில் ரேஸ் கிளப் கிடையாது. ஆனாலும் குதிரைக்கு இந்த ஊரில் ஒரு தனி இடம் உண்டு. பத்மநாபசுவாமி கோயிலுக்குப் பக்கத்தில் சுவாதித் திருநாள் மகாராஜா 1840-களில் கட்டிய மாளிகையில், மேல் தளத்தைத் தாங்குவதுபோல 122 மரக் குதிரைகள் வரிசையாக நிற்கின்றன; அதனால்தான் அது குதிரைமாளிகை. பங்குனியிலும் ஐப்பசியிலும் ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடலுக்குப் போகும்போது விமான நிலைய ஓடுபாதையே அதற்காக மூடப்படுகிறது. அன்று குதிரைப் போலீசும் கூடப் போகிறார்கள். சாலையோரத்தில் தகப்பன்மாரின் தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளைப் பாருங்கள். யானையைப் பார்க்கும்போது வாய் திறக்கும். குதிரையைப் பார்க்கும்போது கை நீளும், தொட வேண்டும் என்று.

அந்தக் கையை யாரும் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவதில்லையே என்பதுதான் என் ஆதங்கம். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

சென்னையில் ஒரு நண்பர் பந்தயக் குதிரை ஒன்றில் பங்கு வைத்திருந்தார். "ஞாயிற்றுக்கிழமை ரேஸை விடு, விடியற்காலையில வந்து பாரு" என்று அவர் கூப்பிட்டதால்தான் கிண்டிக்குப் போனேன். குளிர்காலப் பருவம். இருட்டு இன்னும் பிரியவில்லை. பனிக்குள்ளிருந்து முதலில் ஒலிதான் வருகிறது: நான்கு குளம்புகளின் தாளம், அதோடு சேர்ந்து புஸ், புஸ் என்று மூச்சு. குதிரை முழு வேகத்தில் ஓடும்போது ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சுதான் விடும். பாய்ச்சலும் மூச்சும் பூட்டிவைத்ததுபோல் ஒன்றாகவே போகும். பிறகு உருவம் வருகிறது. நானூற்றைம்பது, ஐந்நூறு கிலோ எடையுள்ள தசை, மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகம். அதன் மேல் குனிந்து உட்கார்ந்திருப்பவன் நம் பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பையன் அளவுதான் இருக்கிறான்! என் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அன்றிலிருந்து பருவம் தொடங்கினால் சென்னை மெயிலுக்கு டிக்கெட் எடுத்துவிடுவேன். பெங்களூர், மைசூர் என்று வழி கிடைத்தால் அங்கேயும் போவேன்.

அந்தப் பையன்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதுதான் முதலில் என்னை மயக்கியது. மற்ற விளையாட்டுகளில் உயரமானவனைத் தேடுவார்கள். இங்கே தேடுவது சிறிய உடம்பை. பந்தயத்தில் குதிரை சுமக்க வேண்டிய எடை ஐம்பது கிலோவிலிருந்து அறுபது, அறுபத்திரண்டு வரை. சேணமும் அதற்குள்தான் அடக்கம். ஆகவே ஜாக்கி ஐம்பது கிலோவுக்குள் நிற்பவனாக இருப்பது நல்லது. இன்றைக்குச் சின்னவனாக இருந்தால் போதாது, நாளைக்கும் வளர்ந்துவிடக் கூடாது. அதனால் மணிக்கட்டைப் பார்ப்பார்கள், பாதத்தைப் பார்ப்பார்கள், அப்பா அம்மாவின் உயரத்தைக் கேட்பார்கள். பிறகு கண் பார்வை, சமநிலை. கடைசியாக, குதிரையின் பக்கத்தில் நிற்கவைத்து அவன் முகத்தைப் பார்ப்பார்கள். பள்ளிக்கூட வரிசையில் எப்போதும் முதல் ஆளாக நிற்கவைக்கப்பட்டு, கபடிக்கும் கைப்பந்துக்கும் கடைசி ஆளாகக் கூப்பிடப்பட்ட பிள்ளைகள் இங்கே வந்து நிற்கிறார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர்களுடைய உடம்பு ஒரு தகுதியாகிறது. இந்த ஒன்றுக்காகவே இந்தத் தொழிலைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

என் அக்கா பையன் ஒருவன் இருக்கிறான். குள்ளம் என்று கிண்டல் கேட்டே வளர்ந்தவன். ஒரு தடவை அவனையும் கூட்டிப்போனேன். திரும்பி வரும்போது ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவன் கேட்டது ஒரே கேள்வி: "மாமா, நான் எத்தனை கிலோ இருக்கேன்?" அவன் அந்தக் கேள்வியைப் பெருமையோடு கேட்டு அன்றுதான் பார்த்தேன்.

சேர்ந்த உடனே குதிரை மேல் ஏற்றிவிட மாட்டார்கள். முதலில் லாயம். விடிவதற்கு முன் எழுந்து சாணம் அள்ள வேண்டும், படுக்கை வைக்கோலை மாற்ற வேண்டும், குளம்பின் அடியில் சிக்கிய மண்ணையும் கல்லையும் கொக்கியால் சுரண்டி எடுக்க வேண்டும், உடம்பைத் தேய்த்துப் பளபளக்க வைக்க வேண்டும். ஓட்ஸ் எவ்வளவு, தவிடு எவ்வளவு, குதிரைமசால் எவ்வளவு என்று கற்றுக்கொள்ள வேண்டும். காலில் கை வைத்துப் பார்த்து, நேற்றைவிட இன்று சூடாக இருக்கிறதா என்று சொல்லத் தெரிய வேண்டும்; அந்தச் சூடுதான் தசைநார் காயத்தின் முதல் செய்தி. காதை வைத்து மனநிலை தெரிந்துகொள்ள வேண்டும்: முன்னால் நிமிர்ந்தால் ஆர்வம், பின்னால் ஒட்டினால் கோபம். இதை எல்லாம் சொல்லித்தருகிற சைஸ்களுக்கு, அதாவது லாயத்தில் குதிரையைப் பராமரிப்பவர்களுக்கு, பெரும்பாலும் எந்தப் பட்டமும் இல்லை. ஆனால் அவர்கள் குதிரையைத் தொடுகிற விதத்தைப் பார்த்துவிட்டு, நல்ல ஆசிரியர் என்றால் யார் என்ற என் எண்ணத்தையே மாற்றிக்கொண்டேன்.

இந்த அறிவின் அருமை தெரிய வேண்டுமானால் பழைய பாண்டிய நாட்டை நினைத்துப் பாருங்கள். பட்டினப்பாலைக் காலத்திலேயே நம் துறைமுகங்களில் கடல் வழியாகக் குதிரை வந்து இறங்கியது. மாணிக்கவாசகர் கதையே குதிரை வாங்கப் போன அமைச்சரின் கதைதான். பதின்மூன்றாம் நூற்றாண்டின் முடிவில் வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டு அரசர்கள் அரபு நாட்டுக் குதிரைகளை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கியதையும், பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் அவற்றில் பெரும்பாலானவை ஆண்டுக்குள் செத்துப்போனதையும் எழுதிவைத்திருக்கிறார். பணம் இருந்தது, கப்பல் இருந்தது, குதிரை இருந்தது. குதிரையைத் தெரிந்த பிள்ளைகள்தான் இல்லை. எழுநூறு வருஷம் கழித்துக் கிண்டி லாயத்தில் ஒரு வேளச்சேரிப் பையன் குதிரையின் முன்னங்காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு இத்த ஓட்ட வேணாம் சார், கால் சூடா கீது" என்று பயிற்சியாளரிடம் தைரியமாகச் சொன்னதைக் கேட்டேன். பயிற்சியாளர் வந்து தொட்டுப் பார்த்தார். குதிரை அன்றைக்கு ஓடவில்லை. கைதட்டலாம் போல இருந்தது எனக்கு.

பிறகுதான் சவாரி. வயதான, சாதுவான குதிரை. நீளக் கயிற்றில் வட்டமாகச் சுற்றிவரும் அதன் மேல், அங்கவடி இல்லாமல், சில நேரம் கடிவாளமும் இல்லாமல், கைகளை விரித்துக்கொண்டு உட்கார வேண்டும். விழுவார்கள். எழுந்து மறுபடி ஏறுவார்கள். கற்றுத்தருபவர் பெரும்பாலும் பழைய ஜாக்கியாக இருப்பார். அவர் குரல் மைதானம் முழுக்கக் கேட்கும். "கையை லூசா வைடா! நீ இழுத்தா அதுவும் இழுக்கும், உன்னால அது கூட இழுத்து ஜெயிக்க முடியுமா?" எவ்வளவு உண்மை! பலத்தால் குதிரையை நிறுத்திய மனிதன் கிடையாது. விரல் நுனியில் ஒரு சின்னத் தளர்வு, உடனே ஒரு சின்னப் பிடி. அந்தப் பேச்சைக் குதிரை புரிந்துகொள்கிறது.

அப்புறம் அந்தக் குனிந்த நிலை. அங்கவடியை உயரமாகக் கட்டி, சேணத்தில் படாமல் எழும்பி, முதுகைக் குதிரையின் கழுத்துக்கு இணையாக வைத்து நிற்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டாட் ஸ்லோன் என்ற அமெரிக்க ஜாக்கி இங்கிலாந்துக்குப் போய் இப்படி ஓட்டிக்காட்டியபோது அங்கே சிரித்தார்கள். ஜெயித்தபின் எல்லாரும் அதையே பழகினார்கள். 2009-இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் லண்டன் விலங்கு மருத்துவக் கல்லூரிக்காரர்கள் இதன் காரணத்தை அளந்து வெளியிட்டார்கள். ஜாக்கி தன் கால்களை வில்லாக மடக்கி நிற்பதால் குதிரையின் உடம்பு மேலும் கீழும் ஏறி இறங்கும்போது அவன் உடம்பு கிட்டத்தட்ட நேர்கோட்டிலேயே போகிறது. குதிரை அவன் எடையைச் சுமக்கிறது, ஆனால் ஒவ்வொரு பாய்ச்சலிலும் அவனைத் தூக்கி எறிந்து பிடிக்க வேண்டியதில்லை. அந்தப் பாணி பரவிய காலத்தில் பந்தய நேரம் ஐந்து முதல் ஏழு சதவீதம் குறைந்திருக்கிறது. அந்தச் சலுகையைக் குதிரைக்குக் கொடுப்பது பையனுடைய தொடையும் கெண்டைக்காலும்தான். ஒரு நிமிஷம் அப்படி நின்று பாருங்கள், தெரியும்.

உடம்பு பழகியபின் தலைக்குள் ஒரு கடிகாரத்தைப் பழக்குகிறார்கள். இருநூறு மீட்டரைப் பதினைந்து விநாடியில் ஓட்டு என்றால் பதினைந்துதான். பதினான்கு என்றால் குதிரை வீணாகும், பதினாறு என்றால் பயிற்சி போதாது. கையில் கடிகாரம் கிடையாது. கரையில் பயிற்சியாளர் ஸ்டாப் வாட்சோடு நிற்பார். பையன் இறங்கி வந்து "பதினஞ்சு சார்" என்பான். அவர் காட்டும் வாட்சிலும் அதுவே இருக்கும். இதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு வியப்பு குறையவே இல்லை. ஆயிரத்து இருநூறு மீட்டர் பந்தயம் ஒன்றேகால் நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். அதற்குள் எங்கே இடம் கிடைக்கும், யார் களைத்துவிட்டான், எப்போது குதிரையிடம் முழு வேகத்தைக் கேட்க வேண்டும் என்று பத்துப் பன்னிரண்டு முடிவுகள். பாதி முடிவுகள் பதினெட்டு வயதில்!

பயிற்சி ஜாக்கிகளுக்கு எடைச் சலுகை உண்டு. அனுபவசாலியோடு மோதும் புதியவனின் குதிரைக்குச் சில கிலோ குறைத்துக்கொடுப்பார்கள். வெற்றி சேரச் சேர அந்தச் சலுகை படிப்படியாகக் குறைந்து, கடைசியில் இல்லாமல் போகும். அப்போது அவன் முழு ஜாக்கி. புதியவனுக்கு வாய்ப்புக் கொடுத்தால் உரிமையாளருக்கும் லாபம் என்று விதியிலேயே எழுதிவைத்திருக்கும் தொழில் வேறு எது இருக்கிறது? பட்டம் வாங்கிய பிள்ளையிடம் முதல் நாளே "அனுபவம் இருக்கா?" என்று கேட்கிற உலகத்தில் இது எவ்வளவு பெரிய நியாயம்.

ஆபத்து இருக்கிறது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் பின்னாலேயே ஆம்புலன்ஸ் ஓடுகிறது. அது அலங்காரத்துக்கு ஓடவில்லை. எடையைக் குறைக்கப் பட்டினி கிடப்பதும் வியர்வை வடிப்பதும் இந்தத் தொழிலின் கொடிய பழக்கம். அதை நான் மனமார எதிர்க்கிறேன். சேர்க்கும் பிள்ளைக்கு முறையான உணவும் மருத்துவரும் படிப்பும் உறுதி செய்யாத எந்தப் பயிற்சியும் பயிற்சி ஆகாது. ஜப்பானில் 1982-இல் சிபா மாகாணத்து ஷிரோயியில் தொடங்கிய பந்தயப் பள்ளியில் ஜாக்கிப் படிப்பு மூன்று வருஷம். அயர்லாந்தில் குர்ரா மைதானத்துக்கு அருகே 1973 முதல் ஒரு பந்தயக் கல்விக்கூடம் நடக்கிறது. குதிரைப் பின்னணி எதுவும் வேண்டாம், உடம்பும் ஆசையும் போதும் என்று நகரத்துப் பிள்ளைகளை எடுத்து வளர்த்த ஹாங்காங், வின்சென்ட் ஹோ மாதிரி ஒரு ஜாக்கியை உலகத்துக்குக் கொடுத்தது. நம்மாலும் முடியும்.

முடிந்துமிருக்கிறது. ரூபா சிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் தொழில்முறைப் பெண் ஜாக்கிகளில் முன்னோடி, சென்னையில் ஓட்டியவர், எழுநூறுக்கும் மேற்பட்ட வெற்றிகள். தாத்தா வெள்ளைக்காரர்களுக்குக் குதிரை பழக்கியவர். ஆண்களே நிறைந்த களத்தில், அதே எடை அதே தூரம் என்று நின்று ஜெயித்தார். பந்தயத்தில் பெண்களுக்கென்று தனிப் பிரிவு கிடையாது. ஆணும் பெண்ணும் ஒரே கேட்டிலிருந்து புறப்படும் விளையாட்டு இது. நர்ரேடு குடும்பத்தில் மலேஷ், சதீஷ், சூரஜ், யாஷ் என்று வரிசையாக ஜாக்கிகள் வந்திருக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்குள் சொல்லிக்கொடுக்க முடிந்ததை ஒரு பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்க முடியாதா?

நம் கேரளத்துப் பெண்ணே இருக்கிறாள். மலப்புறம் மாவட்டத்தைச் சேர்ந்த நிதா அஞ்சும் சேலாட். 2023-இல் பிரான்சின் கஸ்டெல்சக்ராவில் நடந்த இளையோர் உலக எண்டியூரன்ஸ் (நெடுந்தூரக் குதிரைச் சவாரி) போட்டியில் எப்சிலான் சலூ என்ற குதிரையில் 120 கிலோமீட்டரை முடித்த முதல் இந்தியர். அடுத்த வருஷமே அதே நாட்டின் மொன்பசியேவில் பெரியவர்களுக்கான போட்டி: பெட்ரா டெல் ரே என்ற குதிரையில் 160 கிலோமீட்டர். இந்த வகைப் போட்டியில் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் விலங்கு மருத்துவர் குதிரையைச் சோதிப்பார். இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு 64-க்குள் இறங்கவில்லையென்றால் வெளியேற வேண்டியதுதான். எவ்வளவு வேகமாக ஓட்டினாய் என்பதோடு எவ்வளவு அன்பாக ஓட்டினாய் என்றும் கேட்கிற போட்டி. அதை ஒரு மலையாளிப் பெண் முடித்துக்காட்டிய செய்தியைப் படித்த அன்று, தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் ஜாக்கி ஆக முடியாது. உயரம் கூடிவிட்டால் அதோடு முடிந்ததா? இல்லவே இல்லை. காலையில் குதிரையைப் பழக்கும் ரைடிங் பாய், பயிற்சியாளரின் உதவியாள், பிறகு பயிற்சியாளர், லாடம் அடிப்பவர், விலங்கு மருத்துவ உதவியாளர், புனே பக்கத்துப் பண்ணைகளில் குட்டி வளர்ப்பவர், பந்தயத்தைத் தொடங்கிவைப்பவர், எடை நிர்ணயிப்பவர், குதிரைப் போலீஸ், ராணுவத்தின் குதிரைப் பிரிவுகள். நல்ல லாடக்காரருக்கு இந்தியாவின் எந்தக் குதிரை லாயத்திலும் வேலை உண்டு.

"ரேஸா? சூதாட்டமாச்சே" என்பார்கள். என் அக்காவும் அதைத்தான் சொன்னாள். நான் ஒரு பைசா கட்டியதில்லை. கட்டச் சொல்லவும் மாட்டேன். சொத்தை இழந்த குடும்பங்களின் வலி உண்மை. தமிழ்நாட்டில் 1974-இல் பந்தயத்தை ஒழிக்கச் சட்டமே வந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமையின் விளையாட்டு என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றம் சொன்ன அந்தத் திறமை யாருடையது? குதிரையுடையது, அதை வளர்த்தவருடையது, அதன் மேல் குனிந்திருக்கும் அந்தப் பிள்ளையுடையது. கவுண்டரில் பணம் கட்டுகிறவனுடைய பழியை, காலை நாலு மணிக்குச் சாணம் அள்ளுகிற பையன் மேல் போடுவதை என்னால் ஏற்க முடியாது.

2024 நம் பக்கத்துப் பந்தயத்துக்குக் கடினமான வருஷம். ஊட்டி மைதானத்தைத் தமிழ்நாடு அரசு எடுத்துக்கொண்டது. கிண்டி நிலத்தின் குத்தகையையும் ரத்து செய்தது. குத்தகை பாக்கி, பொதுநிலம், ஏரி, பூங்கா என்று அரசு தரப்பில் வலுவான காரணங்கள் இருக்கின்றன. அதில் நான் வாதாட வரவில்லை. நிலம் யாரிடம் போனாலும் சைஸ்களிடமும் பழைய ஜாக்கிகளிடமும் இருக்கிற அறிவு கலைந்துபோகக் கூடாது. அது ஒரு தலைமுறை விட்டுப்போனால் புத்தகத்திலிருந்து திரும்பி வராது.

இங்கே திருவனந்தபுரத்தில் வேண்டியதெல்லாம் இருக்கிறதே! அருவிக்கரை பக்கம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளி இருக்கிறது. பிள்ளைகளை விடுதியில் தங்கவைத்து, படிக்கவும் வைத்து, விளையாடவும் வைக்கும் முறை அங்கே பல வருஷமாகப் பழகியது. காரியவட்டத்தில் 1985-இல் தொடங்கிய லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. உடம்பை அளக்கவும் உணவைத் திட்டமிடவும் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். குதிரைப் போலீஸிடம் குதிரையும் இருக்கிறது, பழக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் கடலில் ஆடும் வள்ளத்தின் மேல் நின்று பழகிய பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தச் சமநிலையை எந்தப் பயிற்சியாளரும் ஒரு பார்வையில் கண்டுகொள்வார். எல்லையைத் தாண்டினால் குமரி மாவட்டம். பந்தயக் கிளப்புகள் வருஷத்துக்கு ஒரு நாள் ஆளை அனுப்பித் தென்கோடிப் பள்ளிகளில் பார்த்தால் போதும். அரசு செய்ய வேண்டியது அந்த நாளுக்கு ஒரு மைதானம் கொடுப்பது மட்டுமே.

பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் பிள்ளை சின்ன உடம்புக்காரனாக இருந்து, நாய்க்குட்டியிடமும் கன்றுக்குட்டியிடமும் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவனாக இருந்தால், பெண்ணாக இருந்தாலும்தான், ஒரு விடுமுறைக்கு மைசூர் கூட்டிப்போங்கள். திருவனந்தபுரம் நார்த் (முன்பு கொச்சுவேளி) நிலையத்திலிருந்து நேர் ரயில் இருக்கிறது. சாமுண்டி மலை அடிவாரத்தில் பந்தயத் திடல். கிளப்பில் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, காலைப் பயிற்சியைப் பார்க்க அனுமதி வாங்குங்கள். பயிற்சி ஜாக்கிச் சேர்க்கை எப்போது, வயது என்ன, எடை என்ன, தங்குமிடமும் சாப்பாடும் படிப்பும் எப்படி, காப்பீடு உண்டா என்று எல்லாவற்றையும் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். பதில் திருப்தியாக இருந்தால், தயவுசெய்து பிள்ளையைத் தடுக்காதீர்கள்.